மாரிப் புயலும் கச்சான் காற்றும்

மட்டக்களப்பு வாவியின் இருமருங்கிலும் கமஞ்செய்வோர் ஆண்டில் இரு பருவக் காற்றுகளை எதிர்கொள்கின்றனர். மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேற்குக் காற்று, மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைச் சொரிந்துவிட்டு, கிழக்கே இறங்கும்போது வெப்பமும் வறட்சியும் உடையதாகின்றது. இதுவே கச்சான். ஐப்பசியில் மாரி தொடங்கி, மார்கழியில் வாடைக்காற்று நிலைபெறும். வங்காள விரிகுடாப் புயல்கள் இக்கரையை அணுகுவது பெரும்பாலும் இக்காலத்திலேயாம்.

புயல் இத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வருமென எண்ணியிருத்தல் தவறு. 1964 டிசம்பரில் ஒரு புயல் இலங்கையின் வடபகுதியைக் கடந்து தனுஷ்கோடியை அழித்தது. 1978 நவம்பர் 23இல் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளி தென்னந்தோப்புகளை அடியோடு சாய்த்தது. 2000 டிசம்பர் 26இலும், 2020 டிசம்பர் 2இலும் திருகோணமலைப் பக்கத்தைப் புயல்கள் தாக்கின. இவற்றினிடையே கழிந்த ஆண்டுகள் முறையே 14, 22, 20. ஆண்டுக்கணக்கு ஒத்துவரவில்லை, மாதமே ஒத்துவருகின்றது.

புயல்கள் பெருகிவிட்டனவா என்பதை இரண்டொரு புயலைக்கொண்டு கூறலாகாது. பல பத்தாண்டுப் பதிவுகள் வேண்டும். எனினும், காற்றின் வெப்பம் 1 பாகை செல்சியசு உயர, அது கொள்ளக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 சதவீதம் கூடும். ஆகவே, புயல்களின் எண்ணிக்கை கூடாவிடினும் அவை கொணரும் மழை கூடலாம். புயலின்றியும் வெள்ளம் வருமென்பதை 2011 சனவரியில் விளைந்த நெல்லை அழித்த பெருமழை உணர்த்தியது.

கமக்காரர் கவனிக்க வேண்டியவை:

1. வடிகால்களை மாரிக்கு முன்னரே துப்புரவாக்குக. முகத்துவாரம் மணலால் அடைபட்டிருப்பின் வாவி நீர் உயர்ந்து, தாழ்ந்த வயல்களின் நீர் வடியாது.

2. பெரும்போக விதைப்பைத் தாமதியாதீர். வேரூன்றிய பயிர் தேங்குநீரைச் சில நாள் தாங்கும், இளமுளை அழுகும்.

3. வயல் முழுவதும் ஒரே வயதுடைய இனத்தை விதையாதீர். மூன்று மாத, மூன்றரை மாத இனங்களைப் பகிர்ந்து விதைத்தால் எல்லாப் பயிரும் ஒரே நாளிற் பூத்துக் காற்றில் அகப்படா.

4. யூரியாப் பசளையை அளவுக்கு மிஞ்சி இடாதீர். கொழுத்த பயிர் எளிதிற் சாயும்.

5. மிளகாய், கத்தரி நாற்றுகளை உயர்மேடையில் வளர்த்திடுக. தோட்டத்தைச் சுற்றிப் பூவரசு, கிளுவை முதலியவற்றால் உயிர்வேலி அமைத்திடுக. காற்றுச் சிறிது ஊடுருவும் வேலியே நன்று. அடைத்த மதிலைத் தாண்டும் காற்றுச் சுழன்று பயிரை முறிக்கும். கச்சான் காலத்தில் பாத்திகளை வைக்கோலால் மூடி, மாலையில் நீர் பாய்ச்சுக.

6. விதைநெல்லின் ஒரு பகுதியை மேட்டுநிலத்தில் வேறாகச் சேமித்திடுக. வெள்ளம் வடிந்தபின் மறுவிதைப்புக்கு அதுவே உதவும்.

புயல் வரும் ஆண்டை எவரும் முன்கூட்டி அறியார். அது வரும் பருவத்தை யாவரும் அறிவர். அப்பருவத்துக்கு முன்னரே ஆயத்தமாதல் கமக்காரர் கையிலுள்ளது.