கொள்கலனுக்கு ஏற்ற கணு

ஜொகூர் தஞ்சோங் பெலெப்பாஸ் துறைமுகத்தில் கப்பலேறும் கொள்கலன்கள் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும், எல்லாவற்றையும் எங்கு வேண்டுமானாலும் அடுக்கிவிட முடியாது. மீன், இறைச்சி ஏற்றிய குளிர்பதனக் கொள்கலனுக்கு மின் இணைப்புள்ள இடம் வேண்டும். கப்பலில் அத்தகைய இடங்கள் குறைவு. அங்கே சாதாரணப் பெட்டிகளை நிரப்பிவிட்டால் மீன் கரையிலேயே நிற்க வேண்டியதுதான்.

கணினித் துறையிலும் இதே சிக்கல் உண்டு. ஒரு நிரலையும் அது இயங்கத் தேவையான துணைக் கோப்புகளையும் சேர்த்துக் கட்டிய பொதியே இங்குக் கொள்கலன் எனப்படுகிறது. 2013-இல் வெளிவந்த டோக்கர் இம்முறையைப் பரவலாக்கியது. பல கணினிகளை இணைத்தால் அது கொத்து. அதிலுள்ள ஒவ்வொரு கணினியும் ஒரு கணு. எந்தக் கொள்கலன் எந்தக் கணுவில் ஏற வேண்டும் என்பதைக் குபர்நெட்டிஸ் முடிவு செய்கிறது. கூகுள் 2014-இல் வெளியிட்ட இம்மென்பொருளின் பெயருக்குக் கிரேக்க மொழியில் சுக்கான் பிடிப்பவர் என்று பொருள். (குபர்நெட்டிஸ் கொள்கலன்களைப் ‘பாட்’ என்னும் உறையிலிட்டே இயக்கும். சுருக்கம் கருதி இங்குக் கொள்கலன் என்றே எழுதுகிறேன்.)

சிங்கப்பூர் 2019-இல் புதிய தரவு மையங்களுக்கான அனுமதியை நிறுத்தி வைத்தபின், கூலாய், செடெனாக், நூசாஜெயா பகுதிகளில் அவை பெருகின. கூலாயில் செயற்கை நுண்ணறிவுக் கட்டமைப்பை உருவாக்கப்போவதாக ஒய்டிஎல்லும் என்விடியாவும் 2023 டிசம்பரில் அறிவித்தன. அங்கெல்லாம் மின் இணைப்புள்ள இடம்போல் அருமையானது, ஜிபியு எனப்படும் வரைகலைச் செயலி பொருத்திய கணு.

ஓர் ஆய்வகத்தில் ஐந்து கணுக்கள் உள்ளன; இரண்டில் மட்டுமே ஜிபியு உண்டு என வைத்துக்கொள்வோம். தமிழ்ப் பேச்சை எழுத்தாக்கும் சேவையை அவ்விரண்டில் மட்டும் இயக்க வேண்டும். முதலில் அவ்விரு கணுக்களுக்கும் ஒரு லேபல் ஒட்டுகிறோம். பிறகு சேவையின் அமைப்புக் கோப்பில் ‘நோட் செலக்டர்’ பகுதியில் அதே லேபலைக் குறிப்பிடுகிறோம். இனி அச்சேவை மற்ற மூன்றுக்கும் போகாது.

பலர் இத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். லேபல் நம் சேவையை அங்கே அழைத்துச் செல்லுமே தவிர, பிறரைத் தடுக்காது. ஜிபியு தேவையே இல்லாத இணையதளக் கொள்கலன்கள் அங்கேறி நினைவகத்தைப் பிடித்துக்கொண்டால், நம் சேவை ‘பெண்டிங்’ நிலையில் காத்துக் கிடக்கும். ஆகவே அக்கணுக்களுக்கு ‘டெயிண்ட்’ என்னும் தடையையும் இட வேண்டும். அத்தடையைத் தாண்டும் அனுமதிக்கு ‘டாலரேஷன்’ என்று பெயர். அதை நம் சேவைக்கு மட்டும் தருகிறோம். அனுமதி மட்டும் இருந்து லேபல் விதி இல்லையென்றால், சேவை சாதாரணக் கணுவுக்கும் போய்விடலாம். எனவே இரண்டும் தேவை.

தடையிலும் வகையுண்டு. ‘நோ ஷெட்யூல்’ புதியவற்றை மட்டுமே தடுக்கும். ஏற்கெனவே ஏறியவை அப்படியே ஓடும். ‘நோ எக்ஸிகியூட்’ அனுமதியற்றவற்றை வெளியேற்றிவிடும். ஓடிக்கொண்டிருக்கும் கொத்தில் இரண்டாவதை இடுமுன் எவை வெளியேறும் என்று பார்த்துக்கொள்வது நல்லது.

நம் சங்கத்தாருக்கு இன்னொரு செய்தி: லேபலில் தமிழ் எழுத்து செல்லாது. ஆங்கில எழுத்தும் எண்ணும் சில குறிகளுமே ஏற்கப்படும். ‘அனோட்டேஷன்’ என்னும் குறிப்புப் பகுதியின் மதிப்பில் தாராளமாகத் தமிழில் எழுதலாம். ஆனால் அதைக் கொண்டு கணுவைத் தேர்ந்தெடுக்க இயலாது.