பணவீக்கமும் நாட்சம்பளத்தின் பெறுமதியும்

பணத்துக்கு இருவகைப் பெறுமதி உண்டு. ஒன்று தாளில் அச்சிடப்பட்டிருப்பது. மற்றொன்று கடையிலே அதற்குக் கிடைப்பது. முன்னது மாறுவதில்லை, பின்னது விலைவாசியோடு மாறிக்கொண்டே இருக்கும். பின்னதையே பொருளியலார் கொள்வனவுச் சக்தி என்பர். பெரகலச் சந்தியிலிருந்து பதுளைவரை பரந்து கிடக்கும் நம் தோட்டங்களின் நாட்சம்பளத்தையே உதாரணமாகக் கொண்டு இதனை ஆராய்வோம்.

2021ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம், கொடுப்பனவும் சேர்த்து, 1,000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. மறு ஆண்டிலேயே அந்நியச் செலாவணி வறண்டது. ரூபாவின் மதிப்பு வீழ்ந்தது. எரிபொருளும் உணவும் விலையேறின. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி ஆண்டுப் பணவீக்கம் நூற்றுக்கு 69.8 ஆயிற்று. அதாவது, முந்திய செப்டெம்பரில் 100 ரூபாவுக்கு வாங்கிய பொருள்களுக்கு இப்போது 169 ரூபா 80 சதம் வேண்டும்.

அப்படியாயின், 1,000 ரூபாவின் சக்தியில் நூற்றுக்கு 69.8 பங்கு அழிந்துவிட்டதா? அன்று. மாணவர் பலர் இடறுமிடம் இதுவே. கழித்தல் கூடாது, வகுத்தலே வேண்டும். 1,000ஐ 1.698ஆல் வகுக்க, ஏறக்குறைய 589 வரும். எனவே இழப்பு நூற்றுக்கு 41 அளவேயாம்.

ஆயினும் இக்கணக்கு கொழும்புக் குடும்பத்தின் செலவைத் தழுவியது. வருமானத்தின் பெரும்பகுதியை அரிசிக்கும் கோதுமை மாவுக்கும் பருப்புக்கும் செலவிடும் லயத்துக் குடும்பத்தின் நிலை வேறு. அம்மாதத்து உணவுப் பணவீக்கம் நூற்றுக்கு 94.9. உணவைப் பொறுத்தவரை 1,000 ரூபா ஏறக்குறைய 513 ரூபாவாய்ச் சுருங்கிற்று. ஒரே நாட்டில், ஒரே மாதத்தில், பணவீக்கம் ஏழையின் அடுப்படியிலேயே கடுமையாய்த் தாக்குகின்றது.

2023 செப்டெம்பரில் ஆண்டுப் பணவீக்கம் நூற்றுக்கு 1.3 ஆகக் குறைந்தது. விலைகள் இறங்கிவிட்டன என்று பலர் எண்ணினர். இறங்கவில்லை, ஏறும் வேகமே குறைந்தது. மலையேறும் வண்டி மெதுவாகச் சென்றால் அது பள்ளத்தாக்குக்குத் திரும்பிவிட்டது என்று கொள்வோமா? 2024 செப்டெம்பரில் பணவீக்கம் நூற்றுக்கு 0.5 அளவில் எதிர்க்கணியமாகிய போதும், விலைமட்டம் 2021ஆம் ஆண்டு செப்டெம்பரிலும் பார்க்க ஏறத்தாழ 1.7 மடங்காகவே நின்றது.

அதே மாதத்தில், ஊக்கக் கொடுப்பனவு நீங்கலாக, அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாயிற்று. அதனை 1.71ஆல் வகுத்தால், பழைய விலையில் ஏறக்குறைய 789 ரூபாவே வரும். தாளில் 350 ரூபா கூடிற்று. கடையிலோ 200 ரூபாவுக்கு மேல் குறைந்தது. பழைய 1,000 ரூபாவின் சக்தியை மீட்கவே ஏறத்தாழ 1,710 ரூபா வேண்டியிருந்தது.

சேமிப்புக்கும் இவ்விதியே பொருந்தும். வட்டி பணவீக்கத்தை விஞ்சாவிடின், வங்கிப் புத்தகத்தில் தொகை வளரும். அதன் சக்தி தேயும். ஆண்டுக்கு நூற்றுக்கு 5 என்னும் மிதமான பணவீக்கமே பதினான்கு ஆண்டுகளில் பெட்டியிலிட்ட பணத்தின் சக்தியைப் பாதியாக்கிவிடும்.

ஆதலின், சம்பளப் பேச்சுவார்த்தை நிகழும்போதெல்லாம், "எத்தனை ரூபா?" என்பதோடு நில்லாது, "எவ்வளவு அரிசி, எவ்வளவு மா?" என்றும் கேட்கப் பழகுவோமாக. வகுத்தல் கற்ற மாணவன் தன் வீட்டுக்கு ஆற்றக்கூடிய பணிகளுள் இதுவும் ஒன்று.