பாசறை வாழ்வும் மாணவர் ஒற்றுமையும்



மல்லேஸ்வரத்தில் நாம் கூடும்போதெல்லாம் ஒரு காட்சியைக் காண்கிறேன். படிப்பை நாடித் தமிழகத்திலிருந்து வந்தவர்கள் ஒரு புறம். இவ்வூரிலேயே பிறந்து, தமிழ் பேசத் தெரிந்தும் எழுத்துக் கூட்டிப் படிக்க இயலாதவர்கள் மறுபுறம். முன்னவர் பின்னவரைக் கண்டு நகைப்பதும் உண்டு. நகைத்தவர்களுள் நானும் அடக்கம். இக்குறை தீர இரண்டு நாள் வெளியூரில் சேர்ந்து தங்கலாம் எனச் சங்கத்தில் பேச்சு எழுந்திருக்கிறது. சேர்ந்து தங்கினால் மட்டும் மனம் சேர்ந்துவிடுமா?

1954-இல் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் முசாபர் ஷெரிப் என்னும் உளநூலறிஞர் இதனைச் சோதித்தார். 22 சிறுவர்களை இரு அணிகளாக்கிப் போட்டியில் இறக்கினார். பகை மூண்டது, கொடிகள் எரிந்தன. பிறகு ஒன்றாக உணவுண்ண வைத்தார், படம் காட்டினார். பயனில்லை, உணவை வாரி எறிந்து சண்டையிட்டனர். குடிநீர் நின்றுபோனபோதும், உணவு கொண்டுவர வேண்டிய வண்டி கிளம்ப மறுத்தபோதும்தான் இரு அணியாரும் ஒரே கயிற்றைப் பிடித்திழுத்தனர், பகை தணிந்தது. (தண்ணீரை நிறுத்தியதே ஆய்வாளர்தாம்! அவ்வளவு தூரம் நாம் போக வேண்டியதில்லை.)

யூதப் பள்ளிகளில் 'ஷப்பத்தோன்' என்றொரு வழக்கம் உண்டு. வெள்ளி மாலை முதல் சனி இரவு வரையுள்ள ஓய்வுநாளை மாணவர்கள் வீட்டைவிட்டு வந்து ஓரிடத்தில் கழிப்பார்கள். மரபு வழுவாதோர் அந்நாளில் தீ மூட்டார், எழுதார், வண்டியேறார், கைப்பேசியும் தொடார். எனவே கதிரவன் மறையுமுன் உணவு சமைத்துச் சூடு ஆறாமல் வைத்தாக வேண்டும், விளக்கேற்றியாக வேண்டும். மறந்தது மறந்ததுதான்! இப்பொறுப்புகள் மாணவர் கையில் விடப்படுமானால், தலைமையைப் பற்றித் தனிப்பாடம் எதற்கு? அந்தி சாய்வதே தேர்வு மணி. ஓய்வுநாள் முடிந்ததும் நறுமணப் பொருளை ஒருவர் கையிலிருந்து மற்றவர் வாங்கி முகர்ந்து விடைபெறுவார்கள்.

நம் நாட்டில் இதற்கு நெருங்கியது நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழுநாள் முகாம். காந்தியடிகளின் நூற்றாண்டான 1969-இல், செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு அத்திட்டம் தொடங்கிற்று. இளநிலை பயிலும்போது அத்தகைய முகாமொன்றில் இருந்தேன். தலைமைப் பண்பு குறித்து ஒருவர் ஒன்றரை மணி நேரம் பேசினார். ஒரு சொல்லும் நினைவில் இல்லை. மூன்றாம் நாள் சமையற்காரர் வரவில்லை. ஐம்பது பேருக்கு உலை வைக்க வேண்டும். வகுப்பில் வாய் திறவாத தோழி ஒருத்தி, அரிசி எவ்வளவு, நீர் எவ்வளவு என்று சொல்லத் தொடங்கினாள். மேடைதோறும் முழங்கும் எங்கள் மாணவர் தலைவர் அவள் சொற்படி வெங்காயம் உரித்தார். சோறு குழைந்துவிட்டது. ஆயினும் அன்றிரவு பந்தியில் எவரும் ஊர் பார்த்து, விடுதி பார்த்து அமரவில்லை.

ஆகவே சங்கத்தாருக்கு என் வேண்டுகோள்: சமையற்காரரை அமர்த்த வேண்டாம், சொற்பொழிவாளரையும் அழைக்க வேண்டாம். புறப்படுமுன் எட்டாவது குறுக்குத் தெருவில் காய்கறி வாங்க வேண்டும். கன்னடத்தில் விலை பேச எங்களுக்கு நா எழாது. இவ்வூர்த் தமிழர்தாம் முன்னே நடக்க வேண்டும். இரவில் ஒவ்வொருவரும் ஒரு பக்கமாகச் சிறுகதையொன்றை உரக்கப் படிப்போம். எழுத்துத் தடுக்குமிடத்தில் நாங்கள் அருகிருப்போம், இம்முறை நகையாமல். வாங்க வேண்டியவற்றின் பட்டியலை நான் எழுதிவிட்டேன். அதை எனக்குக் கன்னடத்தில் சொல்லித்தர ஒருவர் தேவை.