புனலும் பொங்கலும்

ஆடித் திங்கள் 18ஆம் நாள் விடியற்காலையில் மேட்டூருக்குச் செல்வோர், காவிரிக் கரையெங்கும் புகை எழுவதைக் காண்பர். அது பெண்கள் மூட்டிய அடுப்புகளின் புகை. சேலம், நாமக்கல், தருமபுரிப் பகுதிகளிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்த மக்கள் ஆற்றில் நீராடுகின்றனர். புதுமணத் தம்பதியர் தலையில் அருகம்புல் வைத்து மூழ்கி எழுகின்றனர். சிற்றூர்க் கோயில்களின் தெய்வத் திருவுருவங்களையும் வேல், வாள் முதலிய படைக்கலங்களையும் சுமந்து வந்து புதுநீரில் கழுவித் தூய்மை செய்வோரும் உளர். இவ்வளவும் நடக்கும்போது பெண்கள் அடுப்பைவிட்டு அகலுவதில்லை. காவிரித் தாய்க்கும், தம் ஊர் அம்மனுக்கும், அணைக்கட்டு முனியப்பனுக்கும் பொங்கலிடும் பொறுப்பு அவர்களுடையது.

பெருகிவரும் காவிரியைச் சூல்கொண்ட பெண்ணாகக் கருதுவது நம் முன்னோர் மரபு. சூலுற்ற மகளுக்கு வாய்க்கு உகந்த சோறு சமைத்துக் கொடுப்பது தாய்வீட்டின் கடமையன்றோ? அந்த அன்பே ஆற்றங்கரையில் பொங்கலாகவும் புளிச்சோறாகவும் தேங்காய்ச் சோறாகவும் படைக்கப்படுகிறது.

இத்திங்களில் சேலத்தில் மழை குறைந்த ஆண்டுகளும் உண்டு. ஆயினும் ஆறு பெருகும். குடகு மலையிலும் வயநாட்டிலும் தென்மேற்குப் பருவமழை பொழிய, அந்நீர் பல நாள் வழி நடந்து இங்கு வந்து சேர்கிறது. தம் ஊரில் மழை இல்லாதபோதும் தம் ஆற்றில் வெள்ளம் வருவதைக் கண்ட மக்கள், அதனைத் தெய்வத்தின் வரவாகக் கொண்டதில் வியப்பில்லை.

பொங்கலிடும் முறையைச் சிறிது காண்போம். மூன்று கற்களே அடுப்பு. புதுப்பானைக்கு மஞ்சளும் குங்குமமும் இட்டு, கழுத்தில் மஞ்சட்கொத்தைக் கட்டுவர். பச்சரிசியை முதலில் களைந்த நீரைக் கொட்டிவிட்டு, இரண்டாவதாகக் களைந்த நீரையே உலையாக வைப்பர். சிறிது பாலும் சேர்ப்பர். அரிசியினின்று கரைந்த மாவு அந்நீரில் இருப்பதால் நுரை எளிதில் உடையாது. பானை வாய் நிறைந்து வழியும். கிழக்கே வழிந்தால் நலம் என்பது நம்பிக்கை. அனுபவமுள்ள மூதாட்டி, யாரும் பாராதபோது கீழ்க்கல்லைச் சற்றே தாழ்த்தி வைப்பதை நான் கண்டிருக்கிறேன்! வழிந்த பின்னரே அரிசியும் பாசிப்பருப்பும் இட்டு, வெல்லம் கரைத்துக் கிளறுவர்.

இவ்வழக்கம் மிகப் பழமையானது. சிலப்பதிகாரத்தில் இந்திரவிழாவைக் கூறும் பகுதியிலே, புகார் நகரத்து மறக்குடிப் பெண்கள் காவற்பூதத்தின் பலிபீடத்தில் பொங்கல் முதலியன படைத்து வணங்கிய செய்தி வருகிறது. புகார், காவிரி கடலொடு கலக்கும் ஊர். திருவனந்தபுரத்து ஆற்றுகால் பகவதியைக் கண்ணகியாகவே மக்கள் போற்றுகின்றனர். 2009ஆம் ஆண்டு அங்கே ஒரே நாளில் 25 இலட்சம் பெண்கள் பொங்கலிட்டனர் என்று கின்னஸ் பதிவேடு கூறுகிறது. சேலத்துக் கோட்டை மாரியம்மனுக்கும் ஆடித் திங்களிலேதான் பெருவிழா. அங்கும் பொங்கலும் மாவிளக்கும் பெண்கள் கைப்படவே ஆகின்றன.

ஆனால் சேலத்து மேட்டு நிலத்தில் பொங்கலுக்குரிய அரிசி எளிதில் கிடைத்த பொருளன்று. கேழ்வரகுக் களியும் கம்பும் சோளமுமே முற்காலத்து அன்றாட உணவு. நெல்லுச்சோறு விழாநாளுக்கும் விருந்தினருக்கும் உரியது. ஆகவே அம்மனுக்கு வைத்த ஒருபடி அரிசி, அக்குடும்பம் தன் வாய்க்கு மறுத்துச் சேர்த்தது என்பதை நாம் மறத்தல் ஆகாது.

மேட்டூர் அணையின் வேலை 1925இல் தொடங்கி 1934இல் முடிந்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் 21ஆம் நாள், ஆடி கழிந்த சில நாட்களில், அணை திறக்கப்பட்டது. அணையின் நீளம் 5,300 அடி. நீர் நிற்கும் உயரம் 120 அடி. நீர்த்தேக்கத்தில் பல ஊர்கள் மூழ்கின. அங்கிருந்த மக்கள் மேட்டு நிலம் தேடிச் சென்று, புது இடத்தில் அடுப்புக் கற்களை வைத்தனர். நீர்மட்டம் வெகுவாகத் தாழும் ஆண்டுகளில் பண்ணவாடியில் பழைய கோயிலின் நந்தி இன்றும் வெளியே தெரிகிறது.

ஊரை இழந்தவர் இப்பகுதியார். நீரை முதலிற் பெற்றவரோ தஞ்சைச் சமவெளியார். அணையருகே இருந்த வயல்களுக்குக் கிழக்குக்கரை, மேற்குக்கரைக் கால்வாய்கள் வழியாக நீர் கிடைத்தது 1955ஆம் ஆண்டில்தான். சேலம், நாமக்கல், ஈரோடு மாவட்டங்களில் 45,000 ஏக்கர் நிலம் இவற்றால் பாசனம் பெறுகிறது. நீர் போதிய அளவு இருக்கும் ஆண்டுகளில் ஆகஸ்ட் முதல் நாளை ஒட்டி இவை திறக்கப்படும். ஆடி 18க்கு அது ஓரிரு நாட்களே முன்னதாகும். இன்று கரையில் பொங்கலிடும் பெண்களுள் சிலரது பானையிலிருப்பது அக்கால்வாய் நீரில் விளைந்த அரிசி.

அணை வந்தபின் ஆடிப்பெருக்கின் இயல்பும் மாறிற்று. அணைக்குக் கீழே ஆறு பெருகுவது மதகு திறப்பதைப் பொறுத்தது. அணைக்கு நீர் வருவதோ மழையோடு கன்னாடக அணைகளின் நிலையையும் பொறுத்தது. தஞ்சைப் பாசனத்திற்கு ஜூன் 12ஆம் நாள் மேட்டூரைத் திறப்பது வழக்கம். அந்நாளில் திறக்க இயலாமல் எட்டு ஆண்டுகள் தொடர்ந்து கழிந்தபின், 2020இல்தான் அது மீண்டும் இயன்றது. நீரற்ற ஆண்டுகளில் மணலில் ஊற்றுத் தோண்டியும் குழாய் நீர் கொண்டுவந்தும் பெண்கள் பானையை நிரப்பினர். பொங்கலை நிறுத்தினாரில்லை.

2024இல் நிலை நேர்மாறாயிற்று. ஜூலை 30ஆம் நாள் அணை 120 அடியை எட்டியது. நொடிக்கு ஓர் இலட்சம் கன அடிக்கும் மிகுந்த நீர் வெளியேறியது. ஆகஸ்ட் 3ஆம் நாள் ஆடிப்பெருக்கு. ஆற்றில் இறங்க வேண்டா என்று அதிகாரிகள் எச்சரித்தனர். தாய் நிறைந்து வந்தாள். மக்களோ எட்டி நின்று வணங்க வேண்டியவராயினர்.

பொங்கல் வெந்ததும் வாழையிலையில் ஒரு பங்கு அம்மனுக்குப் படைத்துத் தேங்காய் உடைப்பர். அடுத்த பங்கு பக்கத்து அடுப்பாருக்குச் செல்லும். அவர் பானையிலிருந்து ஒரு பங்கு இங்கு வரும். உச்சிப்பொழுதுக்குள் பானைகள் ஒழிந்துவிடும். அடுப்பில் நீர் தெளித்து அணைத்துவிட்டு மக்கள் வண்டியேறுவர். கருகிய கற்கள் மும்மூன்றாகக் கரையிலே கிடக்கும்.