ஔடத தானம் நிறைவு பெறுவது எப்போது?

ஆகாரம், அபயம், ஔடதம், சாத்திரம் எனத் தானம் நால்வகைப்படும் என்பதை நம் இல்லங்களில் சிறுவரும் அறிவர். ஆயினும் இந்நான்கினையும் தனித்தனியே எண்ணிப் பழகிவிட்டோம். மருத்துவ முகாமுக்குப் பொருள் வழங்கியதும் ஔடத தானம் முடிந்தது என அமைதி கொள்கிறோம். பசித்த வயிற்றில் மருந்து என் செய்யும்? பேருந்துக் கட்டணம் இன்றி மறுமுறை வர இயலாதவர்க்கு மருத்துவர் தந்த சீட்டால் பயன் யாது? இவ்வினாக்களுக்கு விடை கூறும் இடம் ஒன்று தருமபுரி மாவட்டத்தில் உள்ளது.

சிட்லிங்கி காட்டும் வழி

கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் இடைப்பட்ட சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில், 1993ஆம் ஆண்டு மருத்துவத் தம்பதியர் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் ஒரு கூரைக் குடிசையில் பணி தொடங்கினர். அங்கு வாழ்வோருள் பெரும்பாலோர் பழங்குடியினர். அந்நாளில் பிறந்த குழந்தைகள் ஆயிரத்துக்கு 147 ஓராண்டு நிறையுமுன் இறந்தன என்பது அவர்தம் கணக்கு. இருவரால் மட்டும் இதனை மாற்ற இயலாதென உணர்ந்து, அவ்வூர்ப் பெண்களையே செவிலியராகவும் நலப் பணியாளராகவும் பயிற்றுவித்தனர். பின்னாளில் குழந்தை இறப்பு பெரிதும் குறைந்தது.

எனினும் நோயின் வேர் வயலிலும் கடனிலும் இருந்தது. உரம், பூச்சிமருந்துச் செலவால் கடன்பட்ட உழவர் பிழைப்புத் தேடி வெளியூர் சென்றனர். ஆகவே அம்மருத்துவர்கள் இயற்கை உழவர் சங்கம் அமையத் துணைநின்றனர்; சிறுதானியம் மீண்டும் வயலுக்கு வந்தது. மறைந்துவந்த லம்பாடிப் பெண்களின் பூத்தையற்கலை, 'போர்கை' என்னும் பெயரில் வருவாய் தரும் தொழிலாயிற்று. அச்சொல்லுக்குப் பெருமை என்பது பொருள்.

நாம் செய்யத்தக்கவை

முதலாவது, வினவுதல். நோயுற்றவரிடம் மருந்து கிடைத்ததா என்பதோடு, உணவு உண்டா, மருத்துவமனை செல்ல வழி உண்டா, கூலி இழந்த நாளில் குடும்பம் எவ்வாறு நடக்கிறது என்றும் கேட்டறிதல் வேண்டும்.

இரண்டாவது, இணைத்தல். காசநோயாளருக்குச் சிகிச்சைக் காலத்தில் ஊட்டச்சத்துக்காக அரசு வழங்கும் தொகை 2024 நவம்பர் முதல் மாதம் 1,000 ரூபாய் ஆயிற்று. அது வங்கிக் கணக்கிலேயே செலுத்தப்படும். கணக்கில்லாதவரை வங்கிக்கு அழைத்துச் செல்வதும், மருத்துவக் காப்பீட்டுக்கு வேண்டிய வருமானச் சான்று பெற உடன்செல்வதும் தானமே.

மூன்றாவது, உணவளித்தல். 2022இல் தொடங்கிய நிக்ஷய் மித்ரா ஏற்பாட்டின்படி, குடும்பமோ சங்கமோ, இசைவு தரும் காசநோயாளருக்கு உணவுப் பொருள் வழங்கலாம். இதன் பயன் சிறிதன்று. ஜார்க்கண்டில் காசநோயாளரின் வீட்டாருக்கு அரிசியும் பருப்பும் சத்து மாத்திரைகளும் வழங்கி ஆராய்ந்தனர். அவர்களிடையே புதிதாக நோய் தோன்றுவது ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்ததை 2023இல் வெளியிட்டனர்.

ஒன்று மறவற்க. நோயை மறைத்து வாழ்வோர் ஊரார் பேச்சுக்கு அஞ்சுகின்றனர். கொடுப்பதைப் படம் எடுத்தும் பெயர் கூறியும் பரப்பினால் அவ்வச்சம் வளரும். வாய் காத்து உதவுதலே அபயம். வழி அறிவித்தலே சாத்திரம். பசி நீக்கலே ஆகாரம். இம்மூன்றும் உடன் நிற்குங்கால் ஔடத தானம் நிறைவு பெறும். நம் ஊரில் நோயுற்ற ஒருவரையேனும் இக்காலாண்டில் இவ்வாறு பேணுவோமாக.