தருமவீரன் வேடந் தாங்குவது எங்ஙனம்?

மேசையைச் சூழ்ந்து நால்வரோ ஐவரோ அமர்ந்து, ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை மேற்கொண்டு, வாய்மொழியாலும் பகடையாலும் ஒரு கதையை நடத்திச் செல்லும் விளையாட்டொன்று 1974-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் வெளிவந்தது. 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்பது அதன் பெயர். அரங்கமில்லை, ஒப்பனையில்லை. ஒருவர் கதைத்தலைவராயிருந்து இடத்தையும் இடையூற்றையும் எடுத்துரைப்பர். ஏனையோர் தத்தம் பாத்திரம் யாது செய்யுமென்று கூறுவர். செய்தது பலித்ததோ இல்லையோவென்பதை இருபது முகமுள்ள பகடை தீர்க்கும். இவ்விளையாட்டு நம் மாணவர் விடுதிகளிலும் புகுந்துள்ளது. கள்வன், மந்திரவாதி, போர்மறவன் முதலிய வேடங்களை எவரும் எளிதில் ஆடிவிடுகின்றனர். கடவுளுக்கு வாக்களித்து வாளேந்திய 'பாலடின்' என்னும் தருமவீரன் வேடமோ பெரும்பாலாரிடத்துக் கெட்டுப்போகின்றது. அது கெடுங்கால் நட்பும் உடன் கெடுமாதலின், இதனைச் சிறிது ஆராயப் புகுந்தேன்.

கெடுத்தவருள் யானும் ஒருவன். சென்ற ஆண்டு எங்கள் கதைத்தலைவர் திண்டுக்கல் மலைக்கோட்டையையே கதைக்களமாக வைத்தார். 1755-இல் ஐதர் அலி அதிகாரியாய் வந்தமர்ந்ததும், 1767, 1783, 1790 என மும்முறை கும்பினிப் படையார் கைப்பற்றியதுமான கோட்டையன்றோ? நாடோறும் அதனைக் கண்டு கண்டு எங்களுக்கு அது வெறும் பாறையாய்ப் போயிருந்தது. அன்றிரவு மீண்டும் கோட்டையாயிற்று. சிறைப்பட்ட உழவர் சிலரை இருளில் மதிலேறி மீட்பதே எங்கள் வேலை. படிக்கட்டின் பாதிவழியில் ஒரு காவலாள் பிடிபட்டான். ஈட்டியைக் கீழே போட்டுக் கைகூப்பினான். விட்டால் இவன் கூவிவிடுவான், கொன்றுவிடுவோமென்றார் கள்வன் வேடத்து நண்பர். யான் எழுந்து நின்று, "கத்தியை உருவுவோன் எவனாயினும் என் வாளுக்கு இரையாவான்" என்று முழங்கினேன். பின்பு நடந்தது கதையன்று, வழக்கு. இரவு பதினொரு மணிவரை வாதித்தோம். உழவர் சிறையிலேயே கிடந்தனர். நண்பர் இருவர் அதன்பின் அம்மேசைக்கு வரவேயில்லை. யானோ பெரியதொரு புண்ணியம் புரிந்ததாகவே எண்ணியிருந்தேன்.

இப்பிழைக்கு விதிநூலும் ஒருவாறு காரணமென்னலாம். 1975-இல் வெளிவந்த 'கிரேஹாக்' என்னும் அனுபந்தத்தில்தான் இவ்வேடம் முதன்முதல் தோன்றிற்று. தருமவீரன் நெறி பிறழ்ந்து ஒரு செயல் செய்யினும் அப்பதவியை அக்கணமே இழப்பான், மீண்டும் பெறான் என்பது அங்குள்ள விதி. தனக்கு வேண்டியது போக எஞ்சிய செல்வத்தை ஏழையர்க்கும் அறநிலையங்கட்கும் ஈந்துவிடவேண்டுமென்பதும் உண்டு. பின்னதனை யாரும் பாராட்டுவதில்லை. முன்னதனையே பிடித்துக்கொண்டு, தன் பதவி போய்விடுமே என்னும் அச்சத்தால் உடனிருப்போரையெல்லாம் காவல்செய்யத் தொடங்கினர் பலர். 2014-ஆம் ஆண்டுப் பதிப்பில் அவ்விதி தளர்த்தப்பெற்று, வீரன் தானே தெரிந்துகொள்ளும் விரதமே முதன்மையாயிற்று. நல்ல திருத்தமென்பதே என் கருத்து. ஆயினும் விதி மாறினமாத்திரத்தில் ஆடுவோன் மாறிவிடுவானோ?

பாலடின் என்னும் பெயர் சார்லமேன் பேரரசனுடைய பன்னிரு வீரரைக் குறித்து வழங்கியது. அவருள் தலைசிறந்தவன் ரோலன். 778-இல் ரொன்சவால் கணவாயில் பின்படை அழிந்த செய்தியைக் கொண்டு, முந்நூறு ஆண்டுகட்குப் பின்னர்ப் பிரெஞ்சு மொழியில் அவன் பெயரால் ஒரு காவியம் எழுந்தது. அதிலே, பகைவர் பெருந்திரளாய் வருவதைக் கண்ட தோழன் ஒலிவேர், கொம்பூதி அரசனை அழைக்குமாறு வேண்டுகின்றான். ரோலன் அது தன் புகழுக்கு இழுக்கென்று மறுக்கின்றான். இறுதியில் ஊதும்பொழுது காப்பாற்றப்பட வேண்டியோர் பெரும்பாலும் இறந்துகிடக்கின்றனர். தன் மானத்திற்குத் தோழர் உயிரை விலையாகக் கொடுத்தான் என்று அவனைக் குறைகூறுதல் தகுமாயின், மலைக்கோட்டைப் படியில் நின்று முழங்கிய என்னை என்னென்பது?

நிற்க, இவ்வேடத்திற்கு வேறொரு முன்மாதிரி நம்மவரிடத்திலேயே உண்டு. யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர் கூத்தாக ஆடிய எஸ்தாக்கியார் நாடகத்தைக் கேள்வியுற்றிருப்பீர்கள். அது சரித்திரமன்று, பழைய புண்ணியகதை. பிளாசிதுஸ் என்பான் திராயான் மன்னனுடைய சேனாபதி. வேட்டையிலே ஒரு கலைமானைத் துரத்திச் சென்று, அதன் கொம்புகளின் நடுவே சிலுவையைக் கண்டு, மனந்திரும்பி எஸ்தாக்கியாரெனப் பெயர் பெற்றான். உடனே அவன் வாளைச் சுழற்றினானென்று கதை கூறவில்லை. செல்வம் போயிற்று; மனைவியை மாலுமி கவர்ந்தான்; ஆற்றைக் கடக்கையில் மக்கள் இருவரையும் ஒருபாற் சிங்கமும் ஒருபால் ஓநாயும் தூக்கிச் சென்றன. பதினைந்து ஆண்டுகள் ஓர் ஊரில் வயற்காவலனாய்க் கூலிக்கு நின்றான். அந்நாளில் அரசன் அவனைத் தேடிவர ஏவிய பழைய போர்வீரர் இருவர் அவ்வூரை அடைந்து, அவனை யாரென்று அறியாமலே அவனிடம் விருந்துண்டனர். பரிமாறுகையில் பழைய நாட்களை நினைந்து கண்ணீர் பெருகிற்று; அவன் வெளியே சென்று அழுது, முகத்தைக் கழுவிக்கொண்டு, மீண்டும் வந்து பரிமாறினான். தலையிலிருந்த பழைய தழும்பைக் கொண்டே அவர்கள் அவனை அறிந்தனர்.

சேனாபதியின் வெற்றியினும், அதிரியான் மன்னன் தெய்வங்கட்குப் பலியிடக் கட்டளையிட்ட போது மறுத்துக் குடும்பத்தோடு மாண்ட செய்தியினும், அந்த முகங்கழுவிய செயலே என் நெஞ்சில் நிற்கின்றது. நம் வட்டாரத்துக் கத்தோலிக்க ஊர்களில் நடைபெறும் பாஸ்காவிலும் இதனைக் காணலாம். ஏரோதின் முன் கிறிஸ்துநாதர் விடையொன்றுங் கூறாது நிற்குங் கட்டத்தில் கூட்டம் முழுதும் அடங்கிவிடும். சுற்றிலும் கூச்சலிடுவோர் பிறரே.

ஆதலின், இவ்வேடம் பூணக் கருதும் நண்பர், ஆட்டந் தொடங்குமுன் தம் விரதத்தை இரண்டு மூன்று சிறு வாக்கியங்களிற் சொல்லி, உடனாடுவோர்க்கு அஃது இசைவாவென்று கேட்டுக்கொள்க. 'படைக்கலம் கீழிட்டவனைக் கொல்லேன். அடைக்கலம் புகுந்தானைக் கைவிடேன். பொய்யுரைத்து உயிர் பிழையேன்.' இவையனைத்தும் 'ஏன்' என்று தன்மையில் முடிவதைக் கவனிக்க. 'கொல்லாதே' என்று முன்னிலைக்குத் திரும்பியவுடனே வீரன் போய்ச் சட்டாம்பிள்ளை வந்துவிடுகின்றான். விரதத்திற்கும் காரியத்திற்கும் முரண் நேருமாயின், அதன் நட்டத்தைத் தம்மேல் ஏற்கும் வழியொன்றைத் தாமே சொல்லுக. பிறர் தலையிற் சுமத்தற்க. செபம் ஒருவரியில் அடங்கட்டும். கள்வன் வேடத்தாரை ஏன் திருடுகின்றாயென்று கடிந்துரைப்பதை விடுத்து, எந்நாள் முதற் பசித்திருக்கின்றாயென்று கேட்டால் கதை வளரும். உணவு, நகை, சிறு பிடிவாதம் முதலிய மனிதக் குறைகளும் அவ்வீரனுக்கு இருக்கட்டும்; குறையே இல்லாதவனோடு வழிநடக்க யாருக்கு மனம் வரும்?

விலகிச்சென்ற இருவரையும் யான் தனித்தனியே கண்டு பேசி, இவ்வாண்டு பொங்கல் விடுமுறைக்குப்பின் அதே கோட்டைக் கதையை மீண்டும் எடுத்தோம். அதே படி, அதே காவலாள். கள்வன் வேடத்து நண்பர் என்னை ஒருமுறை நோக்கினார். "நீங்கள் மேலே செல்லுங்கள், இவனோடு யான் இங்கேயே இருக்கிறேன், இவன் கூவினால் வருபவர்களைப் படியில் யானே தடுப்பேன்" என்றேன். காவலாள் கூவத்தான் செய்தான். பன்னிருவர் விளக்கோடு ஓடிவந்தனர். பகடையை உருட்டினேன்; மூன்று விழுந்தது. உழவரெல்லாம் மதிலைக் கடந்தபின், தம் முறை வந்த பொழுது, அந்நண்பர் பகடையைக் கையிலெடுத்து, "கள்வன் திரும்பி வருகின்றான்" என்றார்.