காய்கறித் தோட்டத்தில் இடுக்கிப் பூச்சி

காய்கறி பயிரிடுவோர் மண்கட்டியைப் புரட்டும்பொழுதும், ஈரச் சருகை அகற்றும்பொழுதும், கருமை கலந்த பழுப்பு நிறமும், வாற்புறத்தில் இடுக்கி போன்ற இரு கொம்புகளும் உடைய பூச்சி ஒன்று விரைந்தோடக் காண்பர். இதனை இக்கட்டுரையில் இடுக்கிப் பூச்சி என்று குறிப்போம். அருகில் நாற்றுகள் கடியுண்டு கிடக்குமாயின், இதுவே அழித்தது என்று துணிந்து உடனே மருந்து தூவுவோர் பலர். அதனால் பணம் விரயமாவதுடன், மெய்யான பகை தப்பிவிடுதலும், தோட்டத்திற்கு உதவும் பூச்சி மடிதலும் நேரிடும். ஆகையால் குற்றம் இன்னதினுடையது என்று தெளிந்த பின்னரே தண்டனையைப் பற்றி எண்ணுதல் வேண்டும்.

இயல்பு:— இப்பூச்சி காதினுள் புகும் என்று ஐரோப்பாவில் நெடுங்காலம் நம்பி வந்தனர். அதற்கு ஆதாரம் இல்லை. இதற்கு விஷமும் இல்லை. பல நாடுகளிலும் காணப்படும் வளையக்கால் இனம் சுமார் அரை அங்குல நீளமும், இறகற்ற உடலும், கருவளையம் உள்ள வெளிறிய கால்களும் உடையது. பகலில் ஈரமும் இருளும் உள்ள இடுக்குகளில் ஒளிந்திருந்து, இரவில் இரை தேடும். தாய்ப் பூச்சி மண்ணில் சிறு குழி செய்து முட்டையிட்டு, அவற்றில் பூஞ்சணம் படராதபடி துடைத்துக் காவல் காக்கும். அசுவினி, சிறு புழுக்கள், பிற பூச்சிகளின் முட்டைகள், அழுகிய இலை, இளந்தளிர் ஆகிய யாவும் இதற்கு உணவாம். இதனாலேயே ஓரிடத்தில் பகையாகவும், மற்றோரிடத்தில் நண்பனாகவும் விளங்குகிறது.

பிற நாட்டு அனுபவம்:— ஐரோப்பிய இனம் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவிற் பரவியபொழுது, 1920-களில் அதனை அடக்க ஒட்டுண்ணி ஈக்களைத் தருவித்து ஓரிகான் மாகாணத்தில் விட்டனர். பின்னாளிலோ, ஆப்பிள் மரங்களைத் தாக்கும் அசுவினியை அதே இனம் தின்பது அறிந்து, அதற்கு உறைவிடம் அமைத்துக் காப்போரும் உளர். பிரேஸில் நாட்டு மக்காச்சோளக் குருத்தில் வாழும் மற்றோர் இனம் படைப்புழுவின் முட்டைகளையும் இளம்புழுக்களையும் உண்கிறது. அப்படைப்புழு 2018-ஆம் ஆண்டில் இந்தியாவிலும் புகுந்து மக்காச்சோளத்திற்குப் பெருநஷ்டம் விளைத்ததை யாவரும் அறிவர்.

அடையாளம்:— நாற்று அடியோடு அறுபட்டிருந்தால், அருகிலுள்ள மண்ணைக் கிளறிப் பார்க்க. சுருண்ட வெட்டுப்புழு கிடைக்கலாம். இலைமீது பளபளப்பான கோழைத் தடம் இருந்தால், அது நத்தையின் வேலை. கத்தரிக் குருத்து வாடி, காயில் எச்சம் அடைத்த துளை இருந்தால், அது குருத்தும் காயும் துளைக்கும் புழுவின் செயல். புழு வெளியேறிய துளையில் இடுக்கிப் பூச்சி பகலில் தங்கியிருக்கக் கூடும். தங்கியிருப்பது கொண்டு அதனைக் குற்றவாளி ஆக்கலாகாது. இளந்தளிரிலும் பூவிதழிலும் ஒழுங்கற்ற கிழிசல்கள் இருந்து, கோழையும் புழுவும் காணாவிடின் மட்டுமே இதன்மீது ஐயம் கொள்ளலாம்.

சோதனை:— பொழுது சாய்ந்து 2 அல்லது 3 மணி நேரம் கழித்து, கைவிளக்குடன் பாத்தியைச் சுற்றிப் பார்க்க வேண்டும். இவ்வாறு தொடர்ந்து 3 இரவுகள் பார்த்தால், தின்பது எது என்று கண்ணாரக் காணலாம். பயிர்ச் சேதத்தைக் குறித்து எழுதும் கிராம உத்தியோகஸ்தர்களும், பகலிற் கண்ட பூச்சியின் பெயரை எழுதுமுன் இவ்விதம் விசாரித்தல் நன்று. காரணம் பிழையாகக் குறிக்கப்பட்டால், வரும் ஆலோசனையும் பிழைபடும்.

பிடிக்கும் முறை:— நாற்றங்காலில் இதுவே தின்பது உறுதியானால், கீழ்க்கண்டவை போதுமானவை.

1. ஒரு சாண் நீள மூங்கிற் குழாய்களையோ, சுருட்டிய ஈரச் சாக்குத் துண்டுகளையோ மாலையில் பாத்தி ஓரத்தில் வைத்து, விடியுமுன் எடுத்து, சோப்பு நீருள்ள வாளியில் உதறுக.

2. கொட்டாங்கச்சியை விளிம்பு மட்டத்திற்கு மண்ணிற் புதைத்து, அதில் அரை அங்குலம் எண்ணெய் ஊற்றி வைக்க. மீன் எண்ணெய் சேர்ப்பின் பூச்சிகள் நாடி வந்து விழும்.

3. நாற்றங்கால் ஓரத்தில் பலகை, கல், வைக்கோற் குவியல் முதலியவற்றை விடாதீர்கள். மாலையில் நீர் பாய்ச்சாமல் காலையில் பாய்ச்சினால், இரவில் மேல்மண் ஓரளவு உலர்ந்திருக்கும்.

நாற்றுகள் முதிர்ந்து தண்டு கெட்டிப்பட்ட பின், இம்முயற்சியை நிறுத்திவிடலாம். அப்பொழுது அசுவினியைத் தின்ன இப்பூச்சி தோட்டத்தில் இருப்பதே நலம்.

நிலக்கடலை:— இங்கு நிலைமை வேறு. தமிழ்நாட்டில் நிலக்கடலையின் இளங்காய்களை இடுக்கிப் பூச்சி துளைப்பதுண்டு. துளையை மணலும் எச்சமும் அடைத்திருக்கும். செடியின் மேற்புறத்தில் குறி தோன்றாமையால், காய் பிடிக்கும் பருவத்தில் வயலின் பல இடங்களிலும் சில செடிகளைப் பிடுங்கிப் பார்ப்பது அவசியம். துளைத்த காய்கள் மிகுதியாயின், அவற்றையும் பூச்சியையும் ஒரு புட்டியிலிட்டு, அருகிலுள்ள விவசாய அலுவலகத்தில் காட்டி ஆலோசனை பெறுக.

ஐயமுள்ளோர் ஒரே பயிரில் 2 பாத்திகளைத் தெரிந்தெடுத்து, ஒன்றில் மேற்கூறிய முறையால் பூச்சியைப் பிடித்தும், மற்றொன்றில் பிடியாமலும் விட்டு, 15 நாள் கழித்துச் சேதத்தையும் அசுவினியையும் ஒப்பிட்டுப் பார்ப்பாராக. தம் நிலத்தில் இப்பூச்சி நட்பா, பகையா என்பதற்கு அதனினும் சிறந்த சாட்சி வேறில்லை.